வண்டித் தவணையும் கடைப் பாக்கியும்



சில்லறைக் கடை ஒன்றின் நிலைமையை அறிய, பெரிய மார்க்கெட்டைச் சுற்றி மொத்த வியாபாரம் செய்யும் நமக்குப் பேரேடு ஒன்றே போதும். பதினைந்து நாளில் வந்துகொண்டிருந்த பாக்கி முப்பது நாளாகிறது, முப்பது நாற்பத்தைந்தாகிறது. விசாரித்தால் விற்பனை குறையவில்லை. வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கிறது. "இந்த மாசம் தவணை போயிடுச்சு அண்ணாச்சி, அடுத்த வாரம் தர்றேன்" என்று பதில் வருகிறது.

கார் வாங்குவதை நாம் குறை சொல்லவில்லை. உழைத்தவர் குடும்பத்தோடு காரில் போகட்டும். ஆனால் இந்த விலையும் இந்தக் கடனும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதை வியாபாரிகளாகிய நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் விலை ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய். 2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று வந்த டாடா நானோ பத்தாண்டு கூட நிலைக்கவில்லை. இன்று நடுத்தரமான கார் 8 லட்சம், 10 லட்சம் என்கிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தது. ஏர்பேக் போன்ற பாதுகாப்புக் கருவிகளும் கட்டாயமாயின. இவை எல்லாம் நல்லதற்கே. ஆனால் செலவு விலையில் ஏறிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது ஓர் ஆறுதல்.

விலை ஏறினால் வாங்குவோர் தயங்க வேண்டும். தயங்காமல் இருப்பதற்குக் காரணம் தவணைக் காலம் நீண்டதுதான். "மாதம் பதின்மூன்றாயிரம்தான் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். ஏழு வருடம் என்பதை மெதுவாகச் சொல்வார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. ஷோரூம் விலை 8 லட்சம். வரி, பதிவு, காப்பீடு சேர்த்து 9 லட்சம். கையிலிருந்து 1 லட்சம், கடன் 8 லட்சம். வட்டி 9.5 சதவீதம் என்று கொள்வோம். ஏழு வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 13,075 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 2 லட்சத்து 98 ஆயிரம். ஐந்து வருடத்தில் முடித்தால் தவணை 16,800; வட்டி 2 லட்சத்து 8 ஆயிரம். இரண்டு வருட நீட்டிப்புக்கு 90 ஆயிரம் ரூபாய் கூடுதல்!

ஏழு வருடக் கடனில் மூன்று வருடம் தவறாமல் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் நிற்கும். காப்பீட்டுக் கணக்குப்படி மூன்று வருடம் முடிந்த வண்டிக்கு 40 சதவீதம் தேய்மானம். அப்போது மதிப்பு 4 லட்சத்து 80 ஆயிரம். அந்த மதிப்புக்கு வண்டியை விற்றாலும் கடன் தீராது. வியாபாரம் மந்தமானால் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மளிகையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், 13,075 ரூபாய் தவணைக்கு மட்டும் மாதம் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்க வேண்டும். டீசல், பெட்ரோல், டயர், காப்பீடு தனி. நம் ஊரில் பெட்ரோல் தமிழ்நாட்டை விடச் சற்று மலிவு என்பதால் தவணை குறையப் போவதில்லை.

பணம் குறையும்போது யாருக்கு முதலில் நிற்கும்? தவணையை வங்கி தேதி தவறாமல் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. பணமில்லாமல் திரும்பினால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி செக் திரும்பியது போல் வழக்குக்கு இடமுண்டு. மொத்த வியாபாரியின் பாக்கிக்கு அந்தப் பயம் இல்லை, வாய்ச் சொல்தான். ஆகவே வங்கி ஏட்டில் தவணை ஒழுங்காகத் தெரியும். நம் பேரேட்டில் பாக்கி ஏறும். வட்டியில்லாமல் அந்தக் காருக்கு நாமே கடன் கொடுத்தவர்களாகிறோம். நம்மால் தாங்க முடியாமல் சரக்கை நிறுத்தும் நாளில் கடை வெறிச்சோடும். அதற்குப் பிறகே வங்கிக்குத் தவணை தவறும்.

இப்படி ஓடுவது நிலைக்குமா? 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பத் தவறியதும், வண்டிக் கடன் கொடுக்கும் பல நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது இறுகியது. 2019-20-ல் நாட்டில் கார் விற்பனை சுமார் 18 சதவீதம் சரிந்தது. கடன் இறுகியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் புதுக் காரின் சராசரி விலை 50 ஆயிரம் டாலரைத் தாண்டியது. அதே ஆண்டில், நாணயம் குறைந்தவர்கள் என்று கணிக்கப்பட்டோரின் கார் கடன்களில் நூற்றுக்கு ஆறுக்கு மேல் இரண்டு மாதத் தவணை தவறி நின்றன. பணக்கார நாட்டிலும் நீண்ட தவணை விலையைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

நம் உறுப்பினர்களுக்குச் சில யோசனைகள்:

1. சம்பாதிக்கும் வண்டி வேறு, சவாரி வண்டி வேறு. வீட்டுக்கு வீடு சரக்கு அனுப்பும் குட்டி யானை தன் தவணையைத் தானே ஈட்டலாம்; வரி விதிப்புக்கு உட்பட்ட வியாபாரத்துக்கு வாங்கினால் அதன் ஜி.எஸ்.டி.யை வரவு எடுக்கலாம். சொந்தக் காருக்கு அது கிடையாது.

2. விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் சேர்ந்த பிறகு வாங்குங்கள். தவணை நான்கு வருடத்துக்கு மேல் போக வேண்டாம்.

3. 2024 அக்டோபர் முதல், எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டியைக் காட்டும் தாளை வங்கியோ நிதி நிறுவனமோ தந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்து.

4. தவணை தடுமாறினால் ஒளியாதீர்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். முதல் மாதமே நேரில் போய்ப் பேசுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது.

5. மொத்த வியாபாரிகள் ஒவ்வொரு கடைக்கும் கடன் வரம்பு குறித்து, அதில் நிற்க வேண்டும். முகதாட்சண்யம் இரு பக்கத்தையும் கெடுக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். கல்லாவில் இருப்பதில் பெரும்பகுதி நாளைய சரக்குக்கான பணம். அதை எடுத்துத் தவணை கட்டும் கடை, காரை வைத்துக்கொண்டு வியாபாரத்தை இழக்கும்.