வெற்றுப் பத்தியும் மூடிய வாயிலும்

கருத்தை அடக்க விரும்பும் அரசுகள் கையாளும் கருவிகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. அவற்றுட் சில தம் சுவட்டை விட்டுச் செல்வன; சில சுவடின்றியே தம் கருமத்தை முடிப்பன. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டுத் தணிக்கை வந்தபோது, 28ஆம் திகதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எதுவோ பறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வாசகன் கண்ணாரக் கண்டான்.

இணையம் மூடப்படும்போது அத்தகைய வெற்றுப் பத்தி எமக்குக் கிடைப்பதில்லை. அரசின் கட்டளை சேவை வழங்கும் கம்பெனிகளுக்குச் செல்கிறது. அவை குறித்த தளங்களுக்குரிய வழியை அடைத்துவிடுகின்றன. கைத்தொலைபேசியிலே ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டிருக்கும், அவ்வளவே. இணைப்புப் பழுதோ, கருவிக் கோளாறோ என்று நாம் மயங்குகிறோம்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கான போராட்டம் எமது நாட்டுக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்போது தணிக்கை விதிக்கப்பட்டது. பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சி அக்கலவரத்தின் கதையை இலண்டனில் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1964 டிசம்பரில், லேக் ஹவுஸ் நிறுவனத்தைக் கையேற்க முனைந்த சட்டமூலம் எழுப்பிய எதிர்ப்பின் நடுவே, சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது. 1973இல் அந்நிறுவனம் அரசின் கைக்குச் சென்றது. இவையெல்லாம் அச்சேறும் சொல்லைப் பற்றிய வழக்குகள். இணையமோ அச்சகம் மட்டுமன்று. அது தபாற் கந்தோர், தொலைபேசி, வாசிகசாலை, சந்தைத் திண்ணை எல்லாம் ஒன்றாய் அமைந்தது. ஆகவே அதனை மூடுவோர் பத்திரிகாசிரியனின் வாயை மட்டும் அடைப்பதில்லை. கடல் கடந்த மகனோடு பேசும் தாயின் வாயையும் அடைக்கிறார்கள்.

நான் கட்டுப்பாட்டை முற்றாக மறுப்பவன் அல்லன். 2018 மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்துத் திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, பேஸ்புக்கிற் பரவிய வெறுப்புரைகள் எரியும் நெருப்புக்கு எண்ணெயாயின என்பதை யார் மறுப்பர்? அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள்கள் முடக்கியது. தன் பங்குக்காக அக்கம்பெனி 2020இல் மன்னிப்புக் கோரியது. ஆயினும், முடக்கம் வதந்தியைப் பரப்புவோனையும் வதந்தியை மறுப்போனையும் ஒருசேர அடைத்தது. வெறுப்புரையை உடனுக்குடன் நீக்காத கம்பெனியின் அசட்டையும், வன்முறைக் கும்பலைத் தடுக்கவேண்டிய காவலின் தளர்ச்சியும் வாயிலை அடைப்பதாற் தீர்வனவல்ல.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டபோதும் அவ்வாயில் அடைக்கப்பட்டது. உற்றார் உயிரோடிருக்கின்றனரா என்று வினவத் துடித்த உள்ளங்களுக்கு, நாள்தோறும் பழகிய வழி இல்லாதொழிந்தது.

மூன்றாம் முறை வந்தபோதுதான் இக்கருவியின் மெய்யுருவம் எனக்கு நன்கு புலனாயிற்று. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி நாட்டில் இனக்கலவரம் இல்லை, குண்டுவெடிப்பும் இல்லை. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள் ஆட்சியாளரை எதிர்த்துத் திரளவிருந்தார்கள். ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டிருந்தது, நள்ளிரவுக்குப் பின் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் முதலியன முடக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படியே அது செய்யப்பட்டதெனத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறிற்று. கண்டனம் வலுக்கவே, அன்று பிற்பகலில் தடை நீங்கியது. தடையையும் ஊரடங்கையும் மீறிப் பேராதனை மாணவர் அன்றே வீதிக்கு வந்தனர். நெருப்பை அணைக்கவென்று செய்த பூட்டு, பசித்தவன் வாய்க்குப் பூட்டாயிற்று.

2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை 108 வாக்குகளுக்கு 62 என்ற கணக்கில் நிறைவேற்றிற்று. பொய்யென்றும் தடைசெய்யப்பட்டதென்றும் கருதப்படும் கூற்றுகளின்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஐவரைக் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்கு அதில் வழங்கப்பட்டது. பொய் தீயதே. ஆனால் எது பொய் என்று தீர்ப்பவர் யார் என்னும் வினா பொய்யினும் பாரதூரமானது. 1958இல் உண்மையை எழுதியவனையும் வதந்திக்காரன் என்று சொல்லியிருக்கக்கூடுமன்றோ?

அயல்நாட்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்று இங்கே நினைக்கற்பாலது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டது தொடர்பாக, 2020 ஜனவரி 10ஆம் திகதி இந்திய உச்சநீதிமன்றம், காலவரையறையற்ற துண்டிப்பு சட்டத்துக்கு ஒவ்வாதது என்றும், துண்டிக்கும் கட்டளைகள் வெளியிடப்படல் வேண்டும் என்றும் கூறிற்று. தீர்ப்பு உடனே வாயிலைத் திறந்துவிடவில்லை. முழுவேக இணையம் அங்கு மீண்டது 2021 பெப்ரவரியிலேதான். எனினும், கட்டளையை வெளியிடு என்ற அச்சிறு நிபந்தனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எமது நாட்டிலும் அதுவே வேண்டும். வாயிலை அடைப்பவர் எவர், எந்தக் காரணத்தால், எத்தனை மணித்தியாலத்துக்கு என்பன எழுத்தில் வெளிவரல் வேண்டும். அதனை நீதிமன்றில் எதிர்க்கும் வழி குடிமகனுக்குத் திறந்திருத்தல் வேண்டும். அவ்வாறு வெளிவரும் கட்டளைதான் இக்காலத்து வெற்றுப் பத்தி. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எதுவென்று அறிந்த சமூகமே அதனைத் திரும்பக் கேட்கும் வல்லமையுடையது.