கடிகாரம் மட்டும் பேசும் கார்!

1958ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு ஒரு விளம்பரம் வந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது அந்தக் காருக்குள் பெரிதாகக் கேட்பது அதன் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். எழுதியவர் டேவிட் ஓகில்வி. வாசகம் அவர் சொந்தச் சரக்கு அல்ல. ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியிருந்ததை எடுத்துத் தலைப்பாக்கினார். விளம்பர உலகம் இன்றுவரை அதை மறக்கவில்லை.

சொகுசுக் கார் என்றதும் தோல் உறை போட்ட மெத்தையும் குளிர்சாதனமும்தான் நினைவுக்கு வரும். அவற்றை எந்த வண்டியிலும் வைத்துவிடலாம். பணம் கொட்டிச் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஆட்டம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக உட்கார்ந்திருப்பவர் உடம்புக்கு வந்து சேருகிறது என்று தேடித் தேடி அந்த வழியை அடைப்பதே அந்த வேலை.

முதல் குற்றவாளி எஞ்சின். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வருகிறது. நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓர் உலுக்கு உலுக்குகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. ஒன்றின் உலுக்கலை மற்றது சரிக்கட்டிவிடும் என்று தோன்றும். முழுக்கச் சரிக்கட்டுவதில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து ஓடுவதால், பிஸ்டன் மேல்பாதித் தூரத்தை வேகமாகவும் கீழ்ப்பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கிறது. அந்த வித்தியாசம் மிச்சமாக நின்று, கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு தடவை எஞ்சினை மேலும் கீழும் ஆட்டுகிறது. அம்பாசடர், பியட் கார்களில் போனவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. சிக்னலில் நிற்கும்போது கதவும் கண்ணாடியும் சேர்ந்து நடுங்குமே, அதுதான்.

ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்தால் இந்த மிச்சமும் ஒன்றுக்கொன்று கழிந்து போகிறது. ஹென்றி ராய்ஸ் தன் புகழ்பெற்ற காருக்கு ஆறு சிலிண்டர் வைத்ததற்கு இது பெரிய காரணம். 7,036 சி.சி. கொண்ட அந்த வண்டி 1907இல் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே போய்வந்து, 14,371 மைல் தூரச் சோதனை ஓட்டத்தை முடித்தது. வெள்ளி நிறம், சத்தமில்லாத நடை. ஆகவே ‘சில்வர் கோஸ்ட்’, வெள்ளிப் பேய் என்று பெயர். பேய் வருவது காதில் விழாதல்லவா! பிற்காலத்து 12 சிலிண்டர் எஞ்சின் என்பது இரண்டு ஆறுகளைச் சாய்த்துச் சேர்த்ததுதான். நான்கு சிலிண்டருக்கும் ஒரு பரிகாரத்தைப் பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்திருந்தார். கிராங்கைப் போல இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகள் அந்த மிச்ச ஆட்டத்தை ஈடுகட்டும். 1970களில் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி அதைத் தூசி தட்டி எடுத்துச் சாதாரணக் கார்களிலும் பொருத்தியது.

ஒரு சதவீத ஓட்டை

எஞ்சினில் மீதமிருக்கும் சத்தத்தைத் தகட்டுச் சுவரால் தடுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலும் சுமார் 6 டெசிபல்தான் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சந்து. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற 99 பங்கும் கோட்டைச் சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ரயில் பாதை ஓரம் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஜன்னலைச் சாத்தியும், கதவடியில் விரற்கடை இடைவெளி இருந்தால் கூட்ஸ் வண்டி முழுதாக வீட்டுக்குள் வந்துவிடும்.

காரில் இப்படிப்பட்ட சந்துகள் ஏராளம். ஸ்டியரிங் தண்டு நுழையும் துவாரம், பெடல்கள், ஒயர்கள் புகும் இடம், கதவின் ஓரம். விலை உயர்ந்த காரின் கதவு மெத்தென்று மூடுவது ஆடம்பரத்துக்காக மட்டுமல்ல. இரண்டு மூன்று வரிசை ரப்பர் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்குகின்றன.

1989இல் டொயோட்டா கம்பெனி லெக்ஸஸ் எல்.எஸ். 400 காரைக் கொண்டுவந்தபோது வேறு வழியில் போனது. அதன் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி, சத்தத்தைப் பஞ்சு வைத்து அமுக்காமல் பிறக்கும் இடத்திலேயே ஒழிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உதிரிபாகங்களின் அளவில் பிசகு குறைக்கப்பட்டது. எஞ்சினிலிருந்து பின் சக்கரம் நோக்கிப் போகும் தண்டு கோணலில்லாமல் நேர்கோட்டில் அமைந்தது. விளம்பரத்தில், உருளைகள் மேல் அதிவேகமாக ஓடும் காரின் பானட்டில் ஷாம்பெயின் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கிக் காட்டினார்கள். ஒன்றுகூடச் சரியவில்லை. ஐரோப்பிய சொகுசுக் கார்க் கம்பெனிகளுக்குத் தூக்கம் போயிற்று.

ஆனால் அமைதியிலும் அளவு உண்டு. 2020இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காரில் சத்தம் அடக்கும் பொருள் மட்டும் 100 கிலோவுக்கு மேல். சோதனைக் காரில் உட்கார்ந்த பொறியாளர்களுக்கு அந்த நிசப்தம் தலையைச் சுற்றுவது போல் இருந்ததாம்! பிறகு, பாகங்களின் மெல்லிய அதிர்வுகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, ஒரு முணுமுணுப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். எத்தனையோ கோடி செலவழித்துச் சத்தத்தை விரட்டிவிட்டு, கொஞ்சத்தைத் திரும்பக் கூப்பிட்ட கதை இது.

முதுகு சொல்லும் கணக்கு

காதுக்கு இவ்வளவு. உடம்புக்கு?

மெத்தை தடிமனாக இருந்தால் குலுங்காது என்பது பலர் எண்ணம். அது சரியல்ல. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் ஆட்டத்துக்குத்தான் மிகவும் கூசுகிறது. வயிறும் முதுகெலும்பும் அதற்கு ஒத்து ஆடத் தொடங்கிவிடும். சாதாரண நுரை மெத்தை ஏறக்குறைய 4 தடவை ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியே கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் ஸ்டியரிங் பிடித்தவர்களின் இடுப்பு வலிக்கு இத்தகைய ஆட்டமும் ஒரு காரணம்.

ஆகவே ஆட்டத்தை மெத்தைக்குக் கீழே, ஸ்பிரிங்கிலேயே பிடிக்க வேண்டும். நல்ல கார் தன் ஸ்பிரிங் மேல் நிமிடத்துக்கு 60 முதல் 80 தடவை அசையும். ஏறத்தாழ நம் நாடித் துடிப்பின் கணக்கு. இன்னும் மிகவும் மெதுவாக்கினால் கப்பலில் போவது போல் வயிற்றைப் புரட்டும்.

இதில் நுட்பமான ஒன்றைக் கண்டவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்து, 1930இல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குப் போனவர். அந்நாளில் காரின் முன் ஸ்பிரிங் விறைப்பாகவும் பின் ஸ்பிரிங் மிருதுவாகவும் இருப்பதே வழக்கம். ஓலி, ஒரு பெரிய காரின் இரு முனைகளிலும் இடம் மாற்றக்கூடிய எடைகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங்கைப் பின்னதைவிட மிருதுவாக்கியபோது கார் படகு போல ஆடாமல் மட்டமாக ஓடியது! காரணம் எளிது. மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது. சக்கரங்களுக்கிடையே 3 மீட்டர் என்றால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பின் சக்கரம் 0.3 விநாடி கழித்து ஏறும். முன்பகுதி நிதானமாகவும் பின்பகுதி விரைவாகவும் அசைந்தால், பிந்தி ஆடத் தொடங்கியது முந்தியதை எட்டிப் பிடித்துவிடும். இரு முனையும் சேர்ந்து எழுந்து சேர்ந்து தாழும். முன் ஸ்பிரிங்கை அவ்வளவு மிருதுவாக்க, சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிட வேண்டியிருந்தது. 1934ஆம் ஆண்டுக் காடிலாக் கார்கள் அப்படியே வந்தன.

கோடீசுவரர் காருக்கு உரிய இந்த வித்தைகளில் சில, சம்பளக்காரர் கைக்கும் வந்திருக்கின்றன. பெங்களூரிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் பழைய பஸ்ஸை மறந்திருக்க மாட்டார்கள். லாரி சேஸிஸ் மேல் கட்டிய கூடு. டிரைவருக்குப் பக்கத்திலேயே எஞ்சின். அதன் மூடிமேல் மூட்டை, மூட்டைமேல் ஒருவர். அடியில் பட்டை பட்டையாக அடுக்கிய கமான் ஸ்பிரிங். நிறைபாரத்தைத் தாங்க வேண்டும் என்பதற்காக அதை விறைப்பாகவே செய்தார்கள். பஸ் காலியாக இருந்தால் அது துள்ளித் துள்ளி உதைக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால், சாலையின் சிறு நடுக்கம் அப்படியே மேலே ஏறும்.

2001இல், பெங்களூரை அடுத்த ஹொசகோட்டைத் தொழிற்சாலையின் துணையோடு வால்வோ கம்பெனியின் பின்புற எஞ்சின் பஸ்கள் இந்தியச் சாலைகளுக்கு வந்தன. எஞ்சின் கடைசி சீட்டுக்குப் பின்னே போயிற்று. கமானுக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர்ப் பைகள். ஆட்கள் ஏற ஏற ஒரு வால்வு திறந்து பைக்குள் காற்றைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். 10 பேர் இருந்தாலும் 45 பேர் இருந்தாலும் பஸ் ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே நிதானத்தில் அசைகிறது. டிக்கெட் விலை கூடுதல் என்று முணுமுணுத்தவர்களும் மறுமுறை அதையே தேடிப் போனார்கள்.

ஒன்றை மட்டும் எந்த ஸ்பிரிங்கும் முழுக்க மாற்றவில்லை. பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் சீட்டு, ஏற்றப் பலகையின் நுனி போல. நடுவில் இருப்பவர் ஓரங்குலம் எழும்பினால் அங்கே இருப்பவர் கூடுதலாக எழும்புவார். போதாக்குறைக்குப் புது பஸ்களில் எஞ்சின் சத்தமும் அங்கேதான். முன்கூட்டியே பதிவு செய்கிறவர்கள் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள வரிசைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. பண்டிகை நாளில் அதுவும் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.