நெஞ்செரிச்சலை அலட்சியம் செய்யலாமா?

வணிகர்களாகிய நாம் வரவு, பற்று, பாக்கி என எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கிறோம். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கணக்கில்லை. மதிய உணவு மூன்று மணிக்கு. இரவு உணவு கடை அடைத்து, கல்லாவை எண்ணி முடித்த பிறகு. உண்ட கையோடு படுக்கை. நெஞ்சு எரிந்தால் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, "கேஸ் டிரபிள்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

எரிச்சல் உண்டாகும் இடம் உணவுக்குழாய். மூச்சுக்குழாய்க்குப் பின்புறமாக இறங்கி இரைப்பையில் சேரும் இத்தசைக்குழாயின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். இங்கே உணவு செரிப்பதில்லை, சத்தும் உறிஞ்சப்படுவதில்லை. விழுங்கிய கவளத்தை, தசைகள் அலை அலையாகச் சுருங்கிக் கீழே தள்ளுகின்றன. சுமார் பத்து விநாடிகளில் அது இரைப்பையை அடைகிறது.

குழாயின் அடியில் உள்ள தசைவளையம், உணவு இறங்கத் திறந்து உடனே மூடிக்கொள்ளும். இரைப்பையில் சுரக்கும் அமிலத்தைத் தாங்க அதன் உட்சுவரில் கனமான கோழைப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. எனவே வளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறி, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருகின்றன. தொப்பை, புகை, மது, எண்ணெய்ப் பண்டங்கள், உண்டவுடன் படுத்தல் ஆகியவை இதற்குத் துணைபோகின்றன.

எப்போதோ ஒருமுறை வந்தால் அஞ்ச வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழாயில் புண்ணும் சுருக்கமும் ஏற்படலாம். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம். புகையிலை, மது, பாக்குடன் வெற்றிலை போடும் பழக்கம் ஆகியவையும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களும் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் அறிவித்தது. கொதிக்கக் கொதிக்க டீ குடிப்போர் சற்று ஆறவிட்டுக் குடிக்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை இதுதான்: இட்லியோ சோறோ நெஞ்சில் நின்று, தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. பலர் கஞ்சிக்கு மாறிக்கொண்டு, "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்று காத்திருக்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. எடை குறைதல், ரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகளே. எண்டோஸ்கோப்பி சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

நெஞ்சை அழுத்தும் வலியுடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சோடாவைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்பது. இரவு பத்து மணிக்குக் கடை அடைப்பவர்கள் எட்டு மணிக்குள் கடையிலேயே சாப்பிடலாம்.

2. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரையடி உயரக் கட்டை வைப்பது.

3. மாத்திரையை உட்கார்ந்தபடி, ஒரு டம்ளர் நீருடன் விழுங்குவது.

விற்பனையிலும் நமக்கொரு பொறுப்பு உண்டு. கழிவறை ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. தவறிக் குடித்தால் உணவுக்குழாய் வெந்துவிடும். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் குழாய் புண்ணாகும். வாங்குவோரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்போம்.