பிசியோதெரபி படிக்கலாமா? பணம் கட்டும் முன் இதையெல்லாம் கவனிங்க!

பக்கவாதம் வந்தவரை எழுப்பி உட்கார வைக்க, செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பது பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் அப்படி இழுத்தால் தோள் மூட்டே விலகிவிடலாம். எங்கே பிடிக்கணும், எவ்வளவு அசைக்கணும், எப்போது நிறுத்தணும் என்பதைத் தெரிந்து செய்பவர்தான் பிசியோதெரபிஸ்ட். இது வெறும் மசாஜ் வேலை அல்ல.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் பி.பி.டி. பட்டப்படிப்பில் சேரலாம். தமிழ்நாட்டில் 4 ஆண்டு படிப்பு, 6 மாத மருத்துவமனைப் பயிற்சி என்ற முறை பல ஆண்டுகளாக இருந்து வந்தது. நாடு முழுவதும் ஒரே தரத்தைக் கொண்டுவர 2021-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, தேசிய ஆணையமும் அமைக்கப்பட்டுள்ளது. இதனால் படிப்புக் காலமும் சேர்க்கை விதிகளும் மாறக்கூடும். சேரும் ஆண்டின் அரசு அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

வேலை எங்கே?

எலும்பு முறிவு, நரம்பியல், இதயம், குழந்தைகள் நலம், விளையாட்டு எனப் பல பிரிவுகளில் வேலை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே சென்று பிசியோதெரபி தரப்படுகிறது. வெளிநாடு செல்ல பி.பி.டி. மட்டும் போதாது. பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்நாட்டுப் பதிவு அல்லது உரிமம் கட்டாயம்.

சம்பளம்?

தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அனுபவமும் எம்.பி.டி. சிறப்புப் படிப்பும் சேர்ந்தால் வளர்ச்சி உண்டு. பட்டம் வாங்கியதும் கை நிறைய சம்பளம்னு யாராவது சொன்னால் உஷாராகிடுங்க.

சேரும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. கல்லூரிக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா எனப் பாருங்கள்.

2. பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே தினமும் நோயாளிகள் வருகிறார்களா? நோயாளியைத் தொட்டுப் பழகாமல் இந்தத் தொழில் கைவராது.

3. தருவது பட்டமா, வெறும் சான்றிதழா? சில மாத டிப்ளமோ முடித்தால் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட முடியாது.

இந்த மூன்றுக்கும் நேரடிப் பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியில் அட்வான்ஸ்கூட கட்டாதீங்க. ஏமாந்தால் போவது பணமும் சில ஆண்டுகளும் மட்டுமல்ல. பயிற்சி இல்லாத கையில் சிக்கும் நோயாளிக்கும் ஆபத்துதான்.