நீலம் மட்டும் மிஞ்சும்

டீக்கடைச் சுவரில் ஐந்தாறு வருடமாகத் தொங்கும் காலண்டர் சாமி படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். லட்சுமியின் செக்கச் சிவந்த பட்டு வெளுத்து, சாம்பல் பூத்த நீலமாகியிருக்கும். முகத்தில் இருந்த மஞ்சள் பூச்சு காணாமல் போயிருக்கும். தாமரையும் நீலம், யானையும் நீலம். பிள்ளையாரோ முருகனோ, வெயில் படும் சுவரில் மாட்டிவிட்டால் எல்லாச் சாமியும் நாளடைவில் கண்ணனின் நிறத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

வெயில் எல்லா நிறத்தின் மீதும் ஒன்றுபோலத்தான் அடிக்கிறது. பிறகு நீலம் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? விடை அந்தப் படம் அச்சான ஊரிலேயே இருக்கிறது. காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் சிவகாசியாகத்தான் இருக்கும்.

ஓவியக் கண்காட்சி என்றதும் பெருநகரங்களின் கூடங்கள் நினைவுக்கு வருகின்றன. கரிசல்காட்டு வீடுகளுக்கு அந்தக் கூடங்கள் தேவைப்படவில்லை. ஓர் ஆணி போதும். ஜவுளிக்கடையும் நகைக்கடையும் இனாமாகக் கொடுத்த காலண்டர் தை மாதத்துக்குள் சுவரேறிவிடும். வருடம் முடிந்தாலும் பல வீடுகளில் தேதித் தாளைத்தான் எறிவார்கள். சாமி படம் சட்டம் போட்டு நிலைத்துவிடும். ஓவியமே வீடு தேடி வந்த கண்காட்சி அது.

பெட்டி லேபிளில் தொடங்கிய கலை

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த, காற்று வறண்ட பூமி. நெல் விளையாத அந்த வறட்சி தீக்குச்சிக்கும், பின்னர் வந்த பட்டாசுக்கும் வாகாக அமைந்தது. பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிளை அச்சிடத்தான் லித்தோ அச்சகங்கள் ஊருக்குள் வந்தன. மயிலும் புலியும் அச்சடித்த இயந்திரங்களே பின்னர் லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சடித்தன.

அந்தப் படங்களை வரைந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியின் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். ஆசிரமத்தை விட்டு வந்த கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுபவரானார். 1940-களில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அவரும் சீடர்களும் அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள்.

நாடக மேடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ராஜாவின் முகம் தெரிய வேண்டும். பின்திரையில் மலையும் அருவியும் மாடமும் விரிய, பாத்திரம் முன்னால் வந்து நேருக்கு நேர் நிற்கும். அவர்கள் வரைந்த கஜலட்சுமி படங்களின் அமைப்பைப் பாருங்கள்; அதே மேடை, அதே திரை, அதே பிரகாசம்.

கண்ணை ஏமாற்றும் புள்ளிகள்

லித்தோ அச்சின் தத்துவம் 1796-ல் ஜெர்மானியரான அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டது. எண்ணெய் வைத்த தலையில் ஊற்றிய தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடுகிறதல்லவா, அதுதான் முழு ரகசியமும். சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் படம் எழுதிக் கல்லை நனைத்தால், படமில்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். படமுள்ள இடம் தள்ளிவிடும். அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால் ஈரமான இடத்தில் மை ஏறாது, படத்தில் மட்டும் ஏறும். மேடும் பள்ளமும் இல்லாத சமதளத்திலிருந்து ஒரு படம் பிறந்துவிடும்.

கல் போய் உலோகத் தகடு வந்தது. தகட்டிலிருந்து நேராகத் தாளுக்குப் போகாமல், முதலில் ரப்பர் பிளாங்கெட்டில் பதிந்து அதிலிருந்து தாளுக்கு மாறுவது ஆஃப்செட். அமெரிக்கரான ஐரா ரூபெல் 1904 வாக்கில் இதைக் கவனித்தது ஒரு தவறால்தான். தாள் போகாமல் விட்டுப்போனதால் உருளையின் ரப்பரில் படம் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்த ரப்பர் பதித்த படம், முன்பக்கத்து அச்சைவிடத் துல்லியமாக இருந்தது!

இப்போது ஒரு பூதக்கண்ணாடியை லட்சுமியின் கண்ணருகே கொண்டுபோங்கள். கண் கலைந்துவிடும். இருப்பதெல்லாம் நான்கே நிறப் புள்ளிகள்: இளநீலமான சயான், இளஞ்சிவப்பான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கருவிழியில் கரும்புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். கன்னத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். விழியின் வெண்மையை யாரும் அச்சடிக்கவே இல்லை. மை படாமல் விட்ட தாள்தான் அந்த வெள்ளை.

புள்ளிகளின் இடைவெளி மாறுவதில்லை, பருமன்தான் மாறுகிறது. அங்குலத்துக்கு 150 வரிசை என்றால் இரு புள்ளிகளின் நடுவே சுமார் 0.17 மில்லிமீட்டர். நம் கண்ணால் ஆறடித் தூரத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறிய இயலாது. ஆகவே மூளை புள்ளிகளைக் கலந்து கன்னத்தின் நிறத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நான்கு நிற வரிசைகளையும் ஒரே திசையில் அடுக்கினால் படத்தின் மேல் அலையலையாகக் கோடுகள் தெரியும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்க்கிறார்கள். கறுப்புக்கு 45 பாகை, மெஜந்தாவுக்கு 75, சயானுக்கு 15, மஞ்சளுக்கு 0 என்பது வழக்கம்.

நான்கும் தத்தம் இடத்தில் இம்மி பிசகாமல் விழுவதை அச்சகத்தார் ‘ரெஜிஸ்டர்’ என்பார்கள். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போதும், உதட்டோரம் ஒரு சிவப்பு விளிம்பு எட்டிப் பார்க்கும். தாள் என்பது மரநார். ஈரக்காற்றில் நார் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில் அதிகம் ஊதும். முதல் நிறம் விழுந்த தாள் இரண்டாம் நிறத்துக்குப் போவதற்குள் பெருத்துவிட்டால் படம் கெட்டது. தீக்குச்சிக்கு உதவிய அதே வறண்ட காற்று தாளையும் அடக்கி வைத்தது.

வானத்தில் ஒரு செம்பு, தாளில் ஒரு செம்பு

சிவகாசியின் இரண்டு தொழிலும் நிறத்தை விற்பவை. வழிதான் நேரெதிர். பட்டாசு ஒளியை உமிழ்கிறது. ஸ்ட்ரான்ஷியம் உப்பு எரிந்தால் சிவப்பு, பேரியம் எரிந்தால் பச்சை. அச்சு மையோ ஒளியை விழுங்குகிறது. மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கி மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் மஞ்சளாகத் தெரிகிறது. மெஜந்தா பச்சை ஒளியை விழுங்குகிறது. சயான் சிவப்பு ஒளியை.

பட்டாசில் மிகக் கடினமான நிறம் நீலம். அதற்குச் செம்பு வேண்டும். செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு சுடரில் நீலமாக ஒளிர்கிறது. ஆனால் சுடரின் சூடு கொஞ்சம் ஏறினாலும் அது உடைந்து நிறம் கெட்டுவிடும். சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடத்தில்தான் நல்ல நீலம் கிடைக்கிறது.

அச்சில் கறுப்பை விட்டால் மிக உறுதியான நிறமும் நீலம்தான். அதிலும் செம்புதான்! சயான் மையின் நிறமி காப்பர் தாலோசயனின். 1927-ல் ஆல்ப்ஸ் மலைநாடான சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வேறு எதையோ தயாரிக்க முனைந்தவர்களுக்கு எதிர்பாராமல் கிடைத்த நீலப்பொருள் அது. அமிலத்துக்கும் சூட்டுக்கும் அது அசையவில்லை. அதன் வடிவத்தைப் பின்னர் லண்டனில் வேதியியலாளர் லின்ஸ்டெட்டின் குழுவினர் கண்டறிந்தார்கள். நான்கு அலகுகள் கைகோத்த வளையம்; நடுவில் ஓர் அணு செம்பு. அந்த வளையம் ஒளியின் ஆற்றலை வாங்கி, பிணைப்பு எதுவும் உடையாமல் வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது.

மஞ்சளுக்கும் மெஜந்தாவுக்கும் இந்தக் காப்பு இல்லை. அவற்றின் மூலக்கூறுகள் ஒளியை விழுங்கும்போது பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து நிறமிழக்கின்றன. மஞ்சள் விழுங்குவதோ அதிக ஆற்றல் கொண்ட நீல ஒளியை. கறுப்பு மை வெறும் கரி. அதை ஒளி ஒன்றும் செய்யாது. முடிவில் சுவரில் நிற்பது சயானும் கறுப்பும். வானத்தில் ஒரு நொடியில் அணைந்துபோகும் செம்பு, டீக்கடைச் சுவரில் கடைசிவரை மிஞ்சுகிறது.

ஒரு மணி நேர வெயில்

அருங்காட்சியகங்களில் ஓவிய அறை ஏன் அரையிருட்டாக இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. தாளில் உள்ள நிறங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே உச்சவரம்பு என்பது பாதுகாப்பாளர்களின் வழக்கம். நேர்வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நிறமிக்கு நேரும் சேதம் வெளிச்சத்தின் அளவையும் நேரத்தையும் பெருக்கி வருவது. 50 லக்ஸில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் காட்சிக்கு வைத்தால் 400 லக்ஸ்-மணி. அந்தக் கணக்கில், முற்றத்தில் ஒரு மணி நேரம் காய்ந்த காலண்டர், காட்சிக்கூடத்தில் 250 நாள் தொங்கிய காலண்டருக்குச் சமம். வெயிலின் புற ஊதாக் கதிரைச் சேர்த்தால் சேதம் இன்னும் கூடும்.

எல்லாப் பொருளும் ஒளிக்கு இப்படி அஞ்சுவதில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் சுடுமண் உருவங்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அவற்றின் மேல் விளக்கைப் பளிச்சென்று போடலாம். சுட்ட மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. அதற்குமேல் மாற அதில் ஒன்றுமில்லை. விருதுநகரில் காமராசர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். அங்கே அவருடைய வாழ்க்கை புகைப்படங்களாகச் சுவரில் இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. அதற்கு வெளிச்சத்தைவிட ஈரமும் கந்தக வாயுவும்தான் பெரிய பகை. அவை தாக்கினால் கரும்பகுதியின் ஓரங்களில் கண்ணாடிபோல் ஒரு நீலப் பளபளப்பு படரும். மண்ணுக்கு ஒரு விதி, வெள்ளிக்கு ஒரு விதி, மைக்கு ஒரு விதி.

இவற்றில் காலண்டரின் விதிதான் கடுமையானது. ஒரு வருடத்துக்கென்று செய்த பொருள் அது. தாளில் மரத்தின் லிக்னின் மிச்சமிருந்தால் மஞ்சளித்து நொறுங்கும். பார்க்கத் தொங்கவிட்டால் நிறம் போகும். நிறத்தைக் காப்பாற்ற மூடினால் பார்க்க முடியாது.

ஆனால் சிவகாசியின் தொழில் வழக்கத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். மாதிரிப் படங்களை எல்லாம் கோத்த அந்தத் தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் கடைகடையாக ஆர்டர் பிடிப்பார்கள். அவ்வளவுதான் அதற்கு வேலை. மற்ற நேரமெல்லாம் அது மூடியே கிடக்கும். ஒளி படாத அந்தப் பக்கங்களில் மஞ்சளும் மெஜந்தாவும் அச்சான அன்றிருந்த நிறத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். அதுமட்டுமில்லை, எந்த ஆண்டில் எந்தச் சாமிக்கும் எந்தத் தலைவருக்கும் எந்தக் குழந்தைப் படத்துக்கும் மவுசு இருந்தது என்ற கணக்கும் அதில் வரிசையாகப் பதிந்திருக்கிறது.

இந்தக் கலைக்கென்று சிவகாசியில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தால், சுவரில் தொங்கிய படங்களைத் தேடுவதற்கு முன் பழைய ஆல்பங்களைத் தேட வேண்டும். உலர்ந்த இருட்டறை ஒன்றும் இரும்பு அலமாரிகளும் முதல் தேவை. வெளியே நகல்களை மாட்டி, அசலை மாதத்துக்கு ஒரு பக்கம் புரட்டிக் காட்டினால் போதும். வீட்டில் தாத்தா காலத்துக் கொண்டையராஜு படம் வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனைதான்: நல்ல நகல் ஒன்று எடுத்துச் சுவருக்குக் கொடுங்கள், அசலைப் பீரோவுக்குள் வையுங்கள்.