கால் அங்குலம் எங்கே இருக்கிறது?

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்கக் கட்டிட வாசலில் பெட்ரோல் வாடை அடித்ததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். சமையற்கட்டில் காஸ் கசிகிறதோ என்று பெண்கள் பதறினார்கள். கசிந்தது வெளியே நின்ற ஒரு பழைய புல்லட். மறைந்த நம் உறுப்பினர் ஒருவரின் 1974-ஆம் வருடத்து வண்டி. மகன் ஆசையாகச் செப்பனிட்டு, அன்றுதான் முதன்முதலாக ஓட்டி வந்திருந்தான். பத்தடி தள்ளி அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் குழாயை மூடி, வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினோம்.

"எல்லாமே கால் அங்குலம் என்று கேட்டுத்தான் வாங்கினேன் அங்கிள். அப்படியும் ஒழுகுகிறதே?" என்றான். அவன் அப்பா உயிரோடு இருந்தபோது நான் அவனுக்கு மாமா. ஊர் வழக்கத்தில் எப்போது அங்கிள் ஆனேனோ தெரியவில்லை, போகட்டும். கேள்வி நல்ல கேள்வி. ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருடம் குழாய்களோடு மாரடித்தவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

குழாய்த் திரேடின் பெயரில் உள்ள அங்குலம், பழைய நாளில் அந்தக் குழாயின் உள்துவாரத்தைக் குறித்தது. திரேடோ குழாயின் வெளியே வெட்டப்படுவது. உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அரை அங்குலம் என்கிறோம். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஆனால் அதன் திரேடை வெளியே அளந்தால் ஏறக்குறைய 21 மி.மீ. இருக்கும். அதேபோல் கால் அங்குல பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் திரேடின் வெளி அளவு 13.16 மி.மீ., அங்குலத்துக்கு 19 சுற்று. 1955-லிருந்து சென்னையில் தயாரான புல்லட் ஆங்கிலேய வரைபடத்தில் பிறந்தது. ஆகவே டாங்கியின் அடியில் இருப்பது இந்தத் திரேடுதான்.

பையன் ஹார்டுவேர் கடையில் வாங்கியதும் "கால் அங்குலம்"தான். ஆனால் அமெரிக்க முறையிலான என்.பி.டி. திரேடு. அது 13.7 மி.மீ., அங்குலத்துக்கு 18 சுற்று, போதாததற்குக் கூம்பு வடிவம். இரண்டு சுற்று சுகமாக உள்ளே போகும், பிறகு இறுகிவிடும். சரியாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து மெக்கானிக் ஸ்பானர் போட்டு நெம்பியிருக்கிறார். டாங்கியின் முதல் இரண்டு சுற்றுகள் நசுங்கிப் போயின. இடைவெளியை அடைக்க வெள்ளை டேப் வேறு. பி.எஸ்.பி. நேர்த் திரேடில் கசிவைத் தடுப்பது திரேடு அல்ல, தோள்பட்டையில் உட்காரும் ஃபைபர் வாஷர். டேப் அங்கே ஒன்றும் செய்யாது. அதன் துணுக்குதான் கார்புரேட்டர் ஊசியின் இருக்கையில் சிக்கி, அங்கேயும் வழிய வைத்திருந்தது.

அடுத்தது ரப்பர் ஹோஸ். இதற்குக் கணக்கு வேறு: பெயரில் உள்ள அளவு உள்விட்டமே. புதுக் குழாயின் மூக்கு 8 மி.மீ., கார்புரேட்டரின் மூக்கு 6.35, அதாவது நிஜமான கால் அங்குலம். 8 மி.மீ. ஹோஸ் மேலே கச்சிதம், கீழே லொடலொடப்பு. அதைக் கட்டுக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். தளர்ந்த ஹோஸை எவ்வளவு இறுக்கினாலும் ஓரிடத்தில் மடிப்பு விழும், அந்த மடிப்பின் வழியே சொட்டும். மூக்கைவிட ஹோஸ் இம்மியளவு சிறியதாக, தள்ளித்தான் ஏற வேண்டும். கிளிப் அது நழுவாமல் இருக்க மட்டுமே.

"ஹோஸைச் சின்னதாக்கினால் வண்டி இழுக்குமா?" என்று கேட்டான். மணிக்கு 60 கி.மீ. வேகம், லிட்டருக்கு 35 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 29 மில்லி கூடச் செலவாகாது. முழு வேகத்துக்கு மூன்று மடங்கு என்றாலும் 90 மில்லிக்குள். ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், அதற்குமேல் தாராளமாக வந்தால் போதும். வரவில்லையென்றால் ஹோஸைக் குறை சொல்லாமல் டாங்கி மூடியின் காற்றுத் துளையையும் குழாயின் சல்லடையையும் பாருங்கள். ஹோஸ் மேலேறி இறங்கும் வளைவாக இருந்தாலும் காற்று அடைத்துக்கொள்ளும்.

பழைய கையிருப்பு ஹோஸை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். 2023 முதல் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்ட, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்க்கையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் என்று அச்சிட்ட ஹோஸையே கேளுங்கள். தெளிவான பிளாஸ்டிக் டியூப் பார்க்க அழகுதான், நாளானால் விறைத்து மூக்கிலிருந்து கழன்றுவிடும்.

அடுத்த ஞாயிறு பேட்டரி ஒயரைக் கழற்றி, டாங்கியைக் காலிசெய்து, என் வீட்டு முற்றத்தில் வேலை நடந்தது. கால் அங்குல பி.எஸ்.பி. டாப்பில் கிரீஸ் தடவி நசுங்கிய சுற்றுகளைத் திருத்தினோம். டாங்கியை இருமுறை பெட்ரோலால் அலசினோம். சரியான குழாய், 6 மி.மீ. ஹோஸ், இரண்டு கிளிப். இறுக்கியபோது குழாயின் மூக்கு கார்புரேட்டருக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. இன்னொரு மெல்லிய வாஷர் போட்டதும் நேரே வந்தது.

அன்றிரவு வண்டியை முற்றத்திலேயே விட்டு, அடியில் செய்தித்தாள் விரித்தோம். காலையில் எனக்கு முன்பே வந்து, குனிந்து அந்தத் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காய்ஞ்சிருக்கு மாமா" என்றான்.