மணிக்கட்டில் தொடங்கிய கணக்கு

கரிசல் மண்ணில் ஹாக்கி – 7

வ.உ.சி. துறைமுகத்துக்குத் தீப்பெட்டிச் சரக்கை அனுப்பும் கோவில்பட்டி, இந்திய அணிக்கு ஆட்டக்காரர்களையும் அனுப்புகிறது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் இந்தியச் சட்டை போட்டு இறங்கினார். கூடவே அரியலூர் கார்த்தி செல்வம். தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர் ஒரே தொடரில் அறிமுகமானதில் இங்கே எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். அந்த அணி கிளம்பும் முன்பே ஒரு பெரிய அடி வாங்கியிருந்தது என்பதை அந்தச் சந்தோஷத்தில் பலர் மறந்துவிட்டார்கள்.

தலைவராக அறிவிக்கப்பட்டவர் ரூபிந்தர் பால் சிங். ஓய்விலிருந்து திரும்பி வந்தவர். பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிப்பதில் நாட்டின் முன்னணிக் கை. பயிற்சியில் மணிக்கட்டில் அடிபட்டு விலகினார். பீரேந்திர லக்ரா தலைவரானார். ரூபிந்தரின் இடத்துக்கு நீலம் சஞ்சீப் செஸ் வந்தார்.

ஹாக்கியில் காயம் பெரிய விஷயமில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். எண்ணிக்கை குறையாது, உண்மைதான். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பேசிப் பழகியவர்களுக்கு அது போதும் என்றும் தோன்றும். ஆனால் விலகியவர் செய்துவந்த வேலையை நாலு பேர் பங்குபோட்டுக்கொள்ளும்போது, அந்த நாலு பேரும் தங்கள் சொந்த வேலையில் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிடுகிறார்கள். இழப்பு அங்கேதான் கசிகிறது. ஸ்கோர் பலகையில் அது யார் பெயரிலும் ஏறாது.

ஜகார்த்தாவில் சூப்பர் 4 சுற்றின் கடைசி ஆட்டம் கொரியாவுடன். ஜெயித்தால் இறுதிப்போட்டி. 4-4 என்று முடிந்தது. இந்தியாவின் கோல்களில் ஒன்று மாரீஸ்வரனுடையது; இன்னொன்று, ரூபிந்தருக்குப் பதிலாக வந்த நீலம் செஸ் அடித்தது! மாற்று ஆள் தன் பங்கைச் செய்துவிட்டார். ஆனாலும் மலேசியா, கொரியா, இந்தியா மூன்றும் 5 புள்ளிகளில் நிற்க, கோல் வித்தியாசத்தில் இந்தியா வெளியே போனது. கொரியாவுக்கும் நமக்கும் இடைவெளி ஒரே ஒரு கோல். ரூபிந்தர் இருந்திருந்தால் அந்த ஒன்றை அடித்திருப்பாரா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும், மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் என்பது ஒரு டிராக் ஃப்ளிக் நிபுணரிடம் கேட்கக்கூடாத விலையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். அந்த ஒற்றை கோலை அடித்தவர் ராஜ்குமார் பால். பெயரை நினைவில் வையுங்கள்.

இதற்கு முன்பு நடந்த இன்னும் கொடுமையான ஒன்றைச் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் பயிற்சியாளராக இருந்து பார்த்தார். 2006 உலகக் கோப்பைக்கு அணி ஜெர்மனி கிளம்ப இரண்டே நாள் இருக்கும்போது, டிராக் ஃப்ளிக் நம்பிக்கையான சந்தீப் சிங் ரயிலில் தவறுதலாக வெடித்த துப்பாக்கியால் சுடப்பட்டார். இந்தியா 12 அணிகளில் 11-வது.

காயத்தை ஆயுதமாக மாற்றிய கதையும் உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானை இந்தியா 14-0 என்று வென்றது. தலைவர் பல்பீர் சிங் 5 கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் வலது கை ஆள்காட்டி விரல் முறிந்தது. அணி நிர்வாகம் விஷயத்தை வெளியே விடவில்லை. மீதி லீக் ஆட்டங்களில் அவருக்கு ஓய்வு. அரையிறுதிக்கும் பாகிஸ்தானுடனான இறுதிக்கும் கட்டுப்போட்ட விரலோடு இறக்கினார்கள். அவரால் முழு வேகத்தில் அடிக்க முடியாது. அது எதிரணிக்குத் தெரியாதே! பல்பீர் என்றால் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு திரிவார்கள், மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. இரண்டு ஆட்டமும் 1-0. இறுதியில் கோல் ரந்தீர் சிங் ஜென்டில் அடித்தது. இன்றைக்கு இப்படி மறைக்க வழியே இல்லை. ஒவ்வொரு நொண்டலையும் நாலு கேமரா காட்டிவிடுகின்றன.

2023 ஜனவரி 15, ரூர்கேலா. உலகக் கோப்பையில் இங்கிலாந்துடன் 0-0. கடைசிக் கால்பகுதியில் ஹர்திக் சிங் தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். தடுப்பாட்டத்திலிருந்து பந்தை வாங்கி முன்களம் வரை ஓட்டிக்கொண்டு போகிற நடுக்கள ஆட்டக்காரர். நம் மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக் குளிக்க இறங்கியவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள்; மூழ்கியவன் உயிர் அந்தக் கையில். ஹர்திக் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்.

அடுத்த ஆட்டத்தில் வேல்ஸை 8 கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பிரிவில் முதலிடம், நேராகக் காலிறுதி. இந்தியா 2-0 என்று முந்தி, 2-2 என்று விட்டுக்கொடுத்து, ஒருவழியாக 4-2 என்று முடித்தது. ஹர்திக் இருந்தாலும் 8 கோல் கஷ்டம்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முதலிடம் தவறியதால் கூடுதலாக ஒரு ஆட்டம் ஆட நேர்ந்தது, அதுவும் அவர் இல்லாமல். ஜனவரி 22 அன்று நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்த அணி 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் 4-5 என்று தோற்றது. பின்தங்கிய அணி மூர்க்கமாக ஏறிவரும்போது பந்தைக் காலடியில் வைத்து நேரம் கடத்த ஒருவர் வேண்டும். அன்று அந்த வேலைக்கு ஆளில்லை. சொந்த மண்ணில் காலிறுதியைக்கூட எட்டாமல் போட்டி முடிந்தது. பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விலகினார்.

ஹர்திக்குக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர், ஜகார்த்தாவில் வெண்கல கோலை அடித்த அதே ராஜ்குமார் பால். 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டையில் வெளியேற, பத்துப் பேரோடு பிரிட்டனை 1-1 என்று பிடித்து நிறுத்தியது இந்தியா. ஷூட்-அவுட்டில் 4-2 என்று வெற்றியை உறுதிசெய்த கடைசி கோலை ராஜ்குமார் அடித்தார். குணமாகித் திரும்பிய ஹர்திக்கும் அன்றைய அணியில் இருந்தார்.

(தொடரும்)